மலையடிவாரத்து வாசகர் வட்டம்

திருவண்ணாமலைக்கு நீங்கள் எதற்காகப் போவீர்கள்? கார்த்திகை தீபம். இல்லாவிட்டால் பௌர்ணமி கிரிவலம். பதினான்கு கிலோமீட்டர் நடந்துவிட்டு, கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு பஸ் ஏறுவீர்கள். நான் கடைசியாகப் போனது இந்த இரண்டுக்கும் இல்லை. அங்கே ஒரு கல்லூரி லைப்ரரியில் வாசகர் வட்டம் ஆரம்பிக்கிறார்கள். மாணவர்கள், பேராசிரியர்கள், அலுவலக ஊழியர்கள் எல்லாரும் சேர்ந்து புத்தகம் படித்துப் பேசப் போகிறார்கள். தொடங்கி வைத்துப் பேச வரவேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள்.

போனேன். பேசினேன். முன்வரிசை முழுக்கப் பேராசிரியர்கள். பின்னால் மாணவர்கள். அலுவலக ஊழியர்கள் இரண்டு பேர் கதவோரமாக நின்றுகொண்டிருந்தார்கள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

கூட்டம் முடிந்து டீ வந்தபோதுதான் விஷயமே ஆரம்பித்தது. ஒரு மாணவி மெதுவாகக் கேட்டாள்: “புக்கு இங்கிலீஷ்ல இருந்தா எனக்குப் புரியாதே சார், நான் வட்டத்துல இருக்கலாமா?” நூலகர் தனியாகக் கூப்பிட்டுப் போய்க் கேட்டார்: “புத்தகம் காணாமப் போனா யார் சார் பொறுப்பு?” ஒரு பையன்: “நான் தப்பாப் பேசிட்டா? எதிர்லயே எங்க ஹெச்.ஓ.டி. உக்காந்திருப்பாரே!” கடைசியாக ஒரு மூத்த பேராசிரியர். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “பசங்க எந்தப் புத்தகத்தை எடுத்து என்ன பேசுவாங்களோ, யார் கண்டது? நாளைக்கு நிர்வாகம் நம்மளைத்தானே கேட்கும்?” என்றார்.

நாலு பேர். நாலு கேள்வி. நாலுக்கும் அடியில் இருப்பது ஒன்றேதான். பயம்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் படிப்பதே இல்லை, செல்போன் கெடுத்துவிட்டது என்று நாம் புலம்புகிறோம் அல்லவா? வாசகர் வட்டங்கள் மூன்றாவது மாதமே படுத்துவிடுவதற்கு அது பாதிக் காரணம்கூட இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. புரியாதோ, தொலைந்துவிடுமோ, சிரிப்பார்களோ, வம்பு வருமோ. இந்த நான்கு பயத்துக்கும் வழி செய்யாமல் ஆரம்பிக்கிற எந்த வட்டமும் நிற்காது.

அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். செங்கம் ரோட்டைத் தாண்டுவதற்குள் முதல் கேள்விக்குப் பதில் ஞாபகம் வந்துவிட்டது. அது அந்த ஊரிலேயே இருந்தது. நூற்றிருபது வருடத்துக்கு மேலாக இருந்துகொண்டிருக்கிறது.

*

1896. மதுரை அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் வீட்டைவிட்டுக் கிளம்பினான். அண்ணனுக்குக் கல்லூரிச் சம்பளம் கட்டச் சொல்லி ஐந்து ரூபாய் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அதில் ரயில் செலவுக்கு மூன்று ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டுப் போனான். சம்பளம் இன்னும் கட்டவில்லை என்பதையும் மறக்காமல் எழுதி வைத்தான். பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு அந்தக் கடிதத்தில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். உலகத்தை விட்டுப் போகிறபோதும் கணக்கு நேராக இருக்கிறது!

செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். அவர்தான் பிற்காலத்து ரமண மகரிஷி. ஆன்மிகக் கதை நமக்கு இப்போது வேண்டாம். அதற்கு நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. நமக்கு வேண்டியது பழனிசாமியின் கதை.

பழனிசாமி மலையாளி. அய்யங்குளத்துப் பிள்ளையாரே கதி என்று இருந்தவர். 1897 வாக்கில் யாரோ சொல்லி இந்த மௌனச் சாமியாரைப் பார்க்க வந்தார். பிறகு போகவே இல்லை. 1918இல் தான் சாகிற வரைக்கும் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். வயதில் ரமணரைவிட ரொம்பப் பெரியவர்.

இந்தப் பழனிசாமிக்குப் படிப்பில் தீராத ஆசை. கையில் இருந்தது மலையாள அத்யாத்ம ராமாயணம் ஒன்றுதான். ஊருக்குள் போய்த் தமிழ் வேதாந்தப் புத்தகங்களை இரவல் வாங்கிக்கொண்டு வருவார். வந்து உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிப்பார். தமிழ் அவருக்குச் சரியாக வராது. நாலு வரிக்கு நாழிகை ஆகும். பக்கத்தில் இருந்த இளைஞருக்கு அந்த அவஸ்தையைப் பார்க்கப் பொறுக்கவில்லை. புத்தகத்தை வாங்கி, தானே முழுக்கப் படித்து, சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார்.

யோசித்துப் பாருங்கள். அந்த இளைஞர் அதற்கு முன்னால் சாஸ்திரப் புத்தகம் எதையும் முறையாகப் படித்தவர் இல்லை. பள்ளிக்கூடப் பாடம் போக அவர் படித்திருந்தது பெரிய புராணம். அதுவும் மதுரையில் சித்தப்பா இரவல் வாங்கி வந்திருந்த பிரதி. இப்போது பழனிசாமிக்காகப் படிக்கப் போய் இவரும் படித்தவரானார். அப்படியே மலையாளம், சமஸ்கிருதம், தெலுங்கு என்று வரிசையாக வந்தன. பிற்பாடு ஆதிசங்கரர் நூல்களைத் தமிழாக்கும் அளவுக்குப் போனார். கிழிந்த புத்தகங்களைத் தன் கையாலேயே பைண்டு செய்வாராம். பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஒரு வாசகர் வட்டத்துக்குக் குறைந்தபட்சம் எத்தனை பேர் வேண்டும்? இரண்டு பேர் போதும். ஒருவர் இரவல் வாங்கி வருகிறார். இன்னொருவர் படித்துச் சொல்கிறார். படித்துச் சொல்கிறவர் இருபது வயதுகூட ஆகாதவர். கேட்கிறவர் பெரியவர். யார் வாத்தியார், யார் மாணவர் என்கிற கேள்வியே அங்கே எழவில்லை.

அந்த மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். வட்டத்தில் எல்லாரும் எல்லாப் புத்தகத்தையும் படித்திருக்க வேண்டியதில்லை, அம்மா. இங்கிலீஷ் தெரிந்த ஒருவர் படித்துவிட்டு வந்து, பத்து நிமிஷம் தமிழில் தன் வார்த்தையில் சொல்லட்டும். நீ கேள். கேட்டுவிட்டு உன் ஊரில், உன் வீட்டில் பார்த்ததை வைத்து ஒரு கேள்வி போடு. நாலாவது மாதம் நீயே அந்தப் புத்தகத்தைக் கையில் எடுப்பாய். பழனிசாமிக்குத் தமிழ் தெரியாதே என்று யாரும் அவரை எழுப்பி அனுப்பவில்லையே.

*

இரண்டாவது கேள்வி நூலகருடையது. இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு.

நான் படித்த கல்லூரியில் (பெயர் வேண்டாம்) லைப்ரரி என்பது ஒரு நீள அறை. சுவரை ஒட்டிக் கண்ணாடி பீரோக்கள். எல்லாவற்றிலும் பூட்டு. வெளியே நின்று முதுகை மட்டும் படித்துக்கொள்ளலாம். துண்டுச் சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்தால் இரண்டு நாள் கழித்து ‘இல்லை’ என்று பதில் வரும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புத்தகம் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்!

சாவி ஒரு அட்டெண்டரிடம் இருந்தது. மூன்று வருடமும் அவரைத் திட்டித் தீர்த்தோம். கடைசி வருடம்தான் தெரிந்தது. ஸ்டாக் எடுக்கிறபோது ஒரு புத்தகம் குறைந்தாலும் அவர் சம்பளத்தில் பிடிப்பார்களாம். மதியச் சாப்பாட்டு வேளையில் அந்த பீரோவைத் திறந்து ஒவ்வொரு நாவலாகப் படித்து முடித்திருந்தார் மனிதர். வெளியே எடுத்துக் கொடுக்கத்தான் பயம். வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து கதையைச் சொல்வார். அவ்வளவு அருமையாகச் சொல்வார். நாங்கள் நாலைந்து பேர் பரீட்சைக்கு முன்னால்கூடப் போய்க் கேட்டிருக்கிறோம். அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. கெட்டது அந்தக் கணக்கு முறை.

இந்தக் கணக்கை எதிர்த்துச் சண்டை போட்டவர் நம் சீர்காழிக்காரர். எஸ்.ஆர். ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1923இல் சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் வேலைக்கு ஆள் எடுத்தபோது சுமார் 900 பேர் விண்ணப்பித்தார்கள். நூலகப் பயிற்சி பெற்றவர் அதில் ஒருவரும் கிடையாது. ரங்கநாதனுக்கும் தெரியாது. என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாவில் நூலகம் பற்றி இருந்த கட்டுரையைப் படித்துவிட்டு இன்டர்வியூவுக்குப் போனார். வேலை கிடைத்தது.

1924 ஜனவரியில் சேர்ந்தார். சில நாளிலேயே வெறுத்துவிட்டது. பேச ஆள் இல்லை, வேலையும் இல்லை. திரும்ப வகுப்புக்கே அனுப்பிவிடுங்கள் என்று போய் நின்றார். முதலில் லண்டனுக்குப் போய் இந்த வேலையைப் படித்துவிட்டு வா, அப்புறமும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்றார்கள். போனார். அங்கே பொது நூலகங்களில் தொழிலாளிகளும் பெண்களும் குழந்தைகளும் அலமாரியிலிருந்து தாங்களே புத்தகத்தை எடுப்பதைப் பார்த்தார். 1925இல் திரும்பி வந்தபோது அவர் வேறு ஆள். 1944 வரை அந்த நாற்காலியை விட்டு அசையவில்லை. அலமாரிகளை வாசகருக்குத் திறந்துவிட்டார்.

1931இல் அவர் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகள் உலகம் முழுக்கப் பாடம். அந்த விதிகள் பிறந்த கதை சுவாரஸ்யமானது. எல்லாம் மனதில் இருக்கிறது, வார்த்தைதான் அமையவில்லை என்று 1928இல் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். அப்போது லைப்ரரிக்கு வந்தார் அவருடைய பழைய வாத்தியார் எட்வர்ட் ராஸ். கிறிஸ்தவக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்கு, இதுதானே உன் முதல் விதி என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போய்விட்டார். முதல் விதி கிடைத்ததும் மற்ற நான்கும் தானாக வந்து விழுந்தன. வாத்தியாரும் மாணவனும் லைப்ரரியில் நின்று பேசிய சில நிமிஷம்! வாசகர் வட்டம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

புத்தகம் காணாமல் போகாதா? போகும். கொஞ்சம் போகத்தான் செய்யும். மத்திய அரசின் பொது நிதி விதிகளே (2017) இதை ஒப்புக்கொள்கின்றன. வருடத்துக்கு ஆயிரம் புத்தகம் படிக்கக் கொடுத்தால் ஐந்து தொலைவது நியாயமான இழப்பு. ஊழியர் நேர்மைக் குறைவோ அலட்சியமோ காட்டாதவரை கவலை இல்லை. அந்த விதி மத்திய அரசு நூலகங்களுக்கு. ஆனால் எந்தக் கல்லூரி நிர்வாகமும் இதே மாதிரி ஒரு வரியைத் தீர்மானமாக எழுதி நூலகர் கையில் கொடுக்கலாமே! ஆயிரத்துக்கு ஐந்து என்பது அரை சதவிகிதம். மளிகைக் கடையில் எலி தின்பதே அதைவிட அதிகம். புத்தகம் பூட்டிக் கிடந்தால் நஷ்டம் நூறு சதவிகிதம். அது மட்டும் எந்த ஆடிட்டர் கண்ணிலும் படுவதில்லை.

*

மூன்றாவது பயம், அந்தப் பையனுடையது. எதிரே ஹெச்.ஓ.டி.

இதற்கு அமெரிக்கா போக வேண்டும். அதாவது அமெரிக்கா என்கிற நாடே உருவாகாத காலத்துக்கு. 1727, ஃபிலடெல்ஃபியா. அச்சுத் தொழிலாளியாக இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்கு 21 வயது. நண்பர்களைச் சேர்த்து ஜுண்டோ என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார். முதலில் பன்னிரண்டு பேர். கண்ணாடி பொருத்துகிறவர், செருப்புத் தைக்கிறவர், தச்சர், நில அளவை செய்கிறவர், கடைக் குமாஸ்தா என்று பெரும்பாலும் உழைத்துச் சாப்பிடுகிற ஆட்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடுவார்கள். முறை வைத்து ஒவ்வொருவரும் ஒரு கேள்வியைக் கொண்டுவர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சொந்தமாக ஒரு கட்டுரை எழுதி வாசிக்க வேண்டும்.

முக்கியமான ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். ‘நான் சொல்வதுதான் சரி’ என்று அடித்துப் பேசினாலோ, அடுத்தவரை நேருக்கு நேர் மறுத்துப் பேசினாலோ அபராதம்! சின்னத் தொகைதான். ஆனால் பேச்சு அடங்கிவிடும். நம் கல்லூரியிலும் ஒரு உண்டியல் வைத்துவிடலாம். “உனக்கு என்னடா தெரியும்?” என்று யார் சொன்னாலும் பத்து ரூபாய். பேராசிரியர் என்றால் இருபது. வருடக் கடைசியில் அந்தப் பணத்தில் புத்தகம் வாங்கலாம். நிறையவே வாங்கலாம்.

இவர்களும் ஒரு தப்புச் செய்தார்கள். எல்லாருடைய புத்தகங்களையும் ஒரே அறையில் கொண்டுவந்து வைத்தார்கள். பராமரிக்க ஆள் இல்லை. ஒரு வருடத்தில் அவரவர் புத்தகத்தை அவரவர் வீட்டுக்கே தூக்கிப்போக வேண்டியதாயிற்று. அதில் கற்றுக்கொண்டு 1731இல் ஆளுக்கு 40 ஷில்லிங் முதல், வருடத்துக்கு 10 ஷில்லிங் சந்தா என்று ஐம்பது பேரைச் சேர்த்து ஒரு நூலகம் தொடங்கினார்கள். அது இன்றைக்கும் இருக்கிறது. ஆர்வம் முதல் வருடத்துக்குப் போதும். இரண்டாவது வருடத்துக்குக் கணக்கு நோட்டும் பொறுப்பான ஒரு ஆளும் வேண்டும்.

*

நாலாவது பயம் பெரியது. அந்த மூத்த பேராசிரியரைக் கோழை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பயத்துக்குச் சரித்திரத்தில் ஆதாரம் இருக்கிறது.

கல்கத்தா இந்துக் கல்லூரி. 1826இல் அங்கே ஆசிரியராகச் சேர்ந்தார் ஹென்றி டெரோசியோ. வயது பதினேழு! மாணவர்களில் பலருக்கும் ஏறக்குறைய அதே வயது. வகுப்பு முடிந்தாலும் பேச்சு முடியாது. 1828இல் அகாடமிக் அசோசியேஷன் என்று ஒரு சங்கமாகவே ஆக்கிவிட்டார். வாத்தியாரும் மாணவர்களும் உட்கார்ந்து கடவுள் உண்டா, விதி உண்டா, சாதி சரியா என்று விவாதித்தார்கள். ஊர் கொதித்தது. பெற்றோர்கள் பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்த ஆரம்பித்தார்கள்.

1831 ஏப்ரலில் நிர்வாகக் குழு கூடி அவரை அனுப்புவதென்று முடிவு செய்தது. அவர் தரப்பைக் கேட்கவே இல்லை. அவர் ராஜினாமா எழுதிக் கொடுத்தார். குற்றச்சாட்டுகளுக்கு அவர் எழுதிய பதில் கடிதத்தில் ஒரு விஷயம் இருக்கிறது. மாணவர்களுக்குக் கடவுளைச் சந்தேகிக்கிற ஹியூமின் வாதங்களைச் சொன்னேன், உண்மைதான். ஹியூமுக்கு ரீடும் ஸ்டூவர்ட்டும் எழுதிய மறுப்புகளையும் சேர்த்தேதான் சொன்னேன் என்கிறார். இரண்டு பக்கத்தையும் மேஜையில் வைத்தது அவர் செய்த குற்றம்.

அந்த டிசம்பரிலேயே காலரா வந்து இறந்துபோனார். வயது 22.

முடிந்துவிட்டதா? அவருடைய மாணவர் கூட்டத்தில் பியாரி சந்த் மித்ரா என்று ஒருவர். 1836இல் கல்கத்தா பொது நூலகம் ஆரம்பித்தபோது அங்கே துணை நூலகராகச் சேர்ந்து, பிறகு நூலகராகி நெடுங்காலம் அதைக் கட்டிக் காத்தார். வங்காள மொழியின் ஆரம்ப கால நாவல்களில் ஒன்றை எழுதியவரும் அவர்தான். அந்தக் கல்கத்தா பொது நூலகம் பிற்பாடு இம்பீரியல் நூலகத்தோடு சேர்ந்தது. 1948இல் அதுவே இந்தியாவின் தேசிய நூலகம் ஆனது. டெரோசியோவை நிறுத்தியவர்களால் அந்த வட்டத்தை நிறுத்த முடியவில்லை.

பேராசிரியருக்கு என் பதில் இதுதான். வம்பு வரலாம் சார். வராது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். டெரோசியோ தனி ஆளாக நின்றார். நீங்கள் அப்படி நிற்க வேண்டாம். எந்தப் புத்தகம் எடுத்தாலும் அதற்கு எதிர்ப் புத்தகத்தையும் அதே மாதம் எடுங்கள். தேர்வு செய்கிற குழுவில் மாணவர், ஆசிரியர், அலுவலக ஊழியர் மூன்று பேரும் இருக்கட்டும். நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கேள்வி வந்தால் பதில் சொல்ல ஒரு ஊரே இருக்கும்.

*

திருவண்ணாமலைக்கே திரும்பி வருவோம். இந்த ஊர்க்காரர் எழுத்தாளர் பவா செல்லதுரை. மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். ‘முற்றம்’ என்ற பெயரில் இங்கே இலக்கியக் கூட்டங்கள் நடத்தியவர். அவர் மேடையில் நின்று அடுத்தவர் எழுதிய கதையைக் கையில் புத்தகம் இல்லாமல் தன் வார்த்தையில் சொல்வதைக் கேட்டிருக்கிறீர்களா? கேட்டுவிட்டு அந்தப் புத்தகத்தைத் தேடிப் போனவர்கள் நிறையப் பேர். எங்கள் கல்லூரி அட்டெண்டர் வேப்ப மரத்தடியில் செய்ததும் அதுதான். மலையடிவாரத்தில் பழனிசாமிக்கு நடந்ததும் அதுதான். படி, உள்வாங்கு, பக்கத்தில் இருப்பவருக்குச் சொல். மீதியெல்லாம் நாற்காலியும் டீயும்.

நாற்காலி என்றதும் ஞாபகம் வருகிறது. அந்தக் கல்லூரிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். பெயரே வட்டம்தானே. கதவோரம் நின்ற அந்த இரண்டு பேரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வையுங்கள். முதல் புத்தகத்தை அவர்களில் ஒருவர் சொல்லட்டும்.

நூலகர் ஐயாவுக்கும் ஒன்று. மதுரையில் யாரோ ஒருவர் தன் பெரிய புராணத்தை நம்பி இரவல் கொடுத்தார். அது ஒரு பதினாறு வயதுப் பையன் கண்ணில் பட்டது. அவர் மட்டும் பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தால்?

திறந்து விடுங்கள் ஐயா. ஆயிரத்துக்கு ஐந்துதானே, போனால் போகட்டும்.